நலியும் கொடித்தோடைக் கன்று: காரணமும் பரிகாரமும்

குளிர்நாடுகளில் குடியேறி வாழும் தமிழர் வீடுகளில், கடையில் வாங்கிய கொடித்தோடைப் பழத்தின் விதைகளைத் தூர எறிய மனம் வராமல் ஒரு சிறு தொட்டியில் ஊன்றி, ஜன்னலோரத்தில் வைத்து, அவை முளைக்கக் கண்டு மகிழ்ந்தவர்கள் அநேகர். அந்த முளைகள் கொடியாகிப் பந்தலேறக் கண்டவர்களோ மிகச் சிலர். விதை முளைப்பதற்கும் கொடி படர்வதற்கும் இடையிலுள்ள நான்கைந்து மாதங்களில் கன்று ஏன் நலிகிறது, நலிவின் மூலத்தை எவ்வாறு கண்டறிவது, கண்டறிந்தபின் செய்யத் தக்கது எது, தகாதது எது என்பவற்றையே இந்த அத்தியாயத்தில் ஆராய எண்ணுகிறோம். விதையைப் பக்குவப்படுத்தி முளைக்கவைக்கும் முறை சென்ற அத்தியாயத்தில் விவரிக்கப்பட்டதாதலின் அதனை இங்கே மீண்டும் எடுத்துரைக்கவில்லை.

இலங்கையில் கொடித்தோடை என்றும், கொடைக்கானல் முதலிய மலையூர்களில் தாட்பூட் பழம் என்றும், நகரத்துக் கடைகளில் பேஷன் புரூட் என்றும் வழங்கும் இந்தக் கொடி, தெற்குப் பிரேசில், பராகுவே, அர்ஜென்டினாவின் வடபகுதி ஆகிய பிரதேசங்களைத் தன் ஜன்மபூமியாகக் கொண்டது. காட்டின் விளிம்பில் நிற்கும் மரங்களைப் பற்றி ஏறி வெளிச்சத்தை நாடுவதும், இலைமட்கு நிறைந்து காற்றோட்டமுள்ள மேல்மண்ணிலே வேரைப் பரப்புவதும் இதன் சுபாவம். கருநீலத் தோலுடையது, மஞ்சள் தோலுடையது என்று இதில் இரு பிரதான வகைகள் உண்டு. கருநீல வகை மலைப்பாங்கான இடங்களின் குளிர்ச்சியை ஓரளவு பொறுக்கும். மஞ்சள் வகை தாழ்நிலத்து வெப்பத்திலே செழிப்பது. ஒரே ஜன்னலில், ஒரே கவனிப்பில், ஒரு கன்று தழைத்து மற்றொன்று வாடுவதற்கு இந்த வகை வேறுபாடே சில சமயங்களில் முழுக் காரணமாக இருப்பதால், தாம் விதைத்தது எந்தப் பழத்தின் விதை என்பதை வளர்ப்பவர்கள் தொட்டியிலேயே குறித்து வைத்திருப்பது நலம்.

இனி, ஆராயும் முறையைப் பற்றிச் சொல்வோம். நோயாளியின் முகம் வெளுத்திருப்பதைக் கண்டமாத்திரத்தில் மருந்தை எடுத்துக் கொடுக்காமல், நாடியைப் பிடித்துப் பார்த்து, உணவையும் உறக்கத்தையும் விசாரித்த பிறகே வியாதியை நிர்ணயிக்கும் வைத்தியரைப் போல, கன்றை வளர்ப்பவரும் இலையின் நிறத்தைக் கடைசியில்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், வேர் அழுகினாலும் இலை மஞ்சளிக்கும். மண் குளிர்ந்தாலும் மஞ்சளிக்கும். உணவு குறைந்தாலும் மஞ்சளிக்கும். உணவு மிகுந்தாலும் ஓரம் கருகி மஞ்சளிக்கும். முதலில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அடுத்துத் தொட்டியைக் கையில் தூக்கி அதன் கனத்தை உணருங்கள். பிறகு மண்ணின் குளிர்ச்சியை விரலால் தொட்டு அறியுங்கள். பிறகு இலைகளின் அடிப்புறத்தை நல்ல வெளிச்சத்தில் புரட்டிப் பாருங்கள். இவை யாவும் முடிந்த பின்னரே இலையின் நிறத்துக்கு வாருங்கள்.

இதனோடு சேர்த்து மனத்தில் இருத்த வேண்டிய மற்றொரு விதியும் உண்டு. ஒருமுறை நன்றாக மஞ்சளித்துவிட்ட இலை, பெரும்பாலும் மீண்டும் பழைய பசுமைக்குத் திரும்புவதில்லை. ஆகவே, செய்த பரிகாரம் பலித்ததா என்பதை அந்த இலையைக் கொண்டு அறிய முயல்வது வீண். கொடியின் நுனியில் அடுத்தபடியாக விரியும் தளிர் எந்த அளவில், எந்த நிறத்தில், எத்தனை விரைவில் வருகிறது என்பதே உண்மையான சாட்சி. அந்தத் தளிர் விரிவதற்குப் பத்து நாளோ இரண்டு வாரமோ ஆகும். அதுவரை பொறுத்திராமல், இன்று இடத்தை மாற்றி, நாளை உரமிட்டு, மறுநாள் வேறு தொட்டிக்குப் பெயர்த்து நடுபவர்களின் கன்று, மூலவியாதியைக் காட்டிலும் சிகிச்சைகளின் மிகுதியாலேயே மடிந்துபோவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்க.

வியாதியே அல்லாதவற்றை வியாதியென்று கருதி மயங்குவோரும் உளர். கொடித்தோடையின் முதிர்ந்த இலை மூன்று மடல்களாகப் பிளவுபட்டிருக்கும்; கன்றுப் பருவத்து இலைகளோ பிளவின்றி முட்டை வடிவாக இருக்கும். இது வேறேதோ செடியோ என்று ஐயுற வேண்டியதில்லை. கன்று முதிர முதிர மடல்கள் தாமே தோன்றும். பற்றுக்கம்பிகளும் அவ்வாறே, முதல் சில இலைகளின் கணுக்களில் அவை வருவதில்லை. இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தருகே இரண்டு சிறு புடைப்புகள் காணப்படும். அவை பூச்சியின் முட்டைகள் அல்ல, தேன் சுரக்கும் சுரப்பிகள். காட்டிலே எறும்புகளை அழைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளக் கொடி செய்துகொண்ட ஏற்பாடு அது. அவற்றை நகத்தால் சுரண்டி எடுப்பவர்கள் கன்றுக்குக் காயம் உண்டாக்குகிறார்கள். மஞ்சள் வகையின் இளந்தண்டில் செந்நிறச் சாயல் படிவதும், நான்கைந்து இலைகள் வந்த பிறகு அடியிலுள்ள வித்திலைகள் வெளுத்து உதிர்வதும் இயல்பானவையே. வித்திலை விரிந்த பின்பு கன்று மூன்று நான்கு வாரம் அசையாமல் நிற்பதுபோல் தோன்றுமாயின், மண்ணுக்கு வெதுவெதுப்பும் கன்றுக்கு வெளிச்சமும் குறையாதிருக்கும் வரையில், அது கீழே வேர்விட்டுக்கொண்டிருக்கிறது என்று நம்பலாம். விதையுறை தலையில் மாட்டிக்கொண்டு வித்திலையை விரியவிடாதிருந்தால் மட்டும், வெந்நீரில் அல்ல, சாதாரண நீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் சில மணி நேரம் வைத்து இளகச் செய்யுங்கள். வலிந்து இழுத்தால் வித்திலையும் உடன் வந்துவிடும்.

மெய்யான உபாதைகளில் மிகுதியும் நேர்வது நீரால் விளைவது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வாடிய இலையைக் கண்டவுடன் நீர் ஊற்றுவது மனித இயற்கை. ஆனால் தாகத்தால் வாடும் கன்றும், நீர் மிகுந்து வேர் மூச்சடைத்து வாடும் கன்றும் பார்வைக்கு ஒரே விதமாகத்தான் தோன்றும்; இரண்டிலும் இலைக்கு நீர் ஏறுவதில்லை, ஒன்றில் மண்ணில் நீர் இல்லாததால், மற்றொன்றில் அதை ஏற்றும் வேர் இல்லாததால். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் உடனே விளங்கிவிடும். இலேசாக இருந்தால் தாகம். நீரிட்ட ஒரு மணி நேரத்தில் கன்று நிமிர்ந்துவிடும். கனமாக இருந்தும் வாடியிருந்தால், அதற்கு மேலும் ஒரு சொட்டு ஊற்றுவது கன்றைக் கொல்வதாகும்.

அத்தகைய கன்றைத் தொட்டியோடு கவிழ்த்து, மண்கட்டி உதிராமல் மெல்ல வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். ஆரோக்கியமான வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறி, விரலால் உருவினால் மேல்தோல் கழன்று நடுவே நூல் மட்டும் எஞ்சும். மண்ணிலும் ஒரு துர்நாற்றம் வீசும். வேரில் பாதியளவேனும் வெண்மையாக இருக்குமாயின் கன்று பிழைக்கும். அழுகிய பகுதியைச் சுத்தமான கத்தரியால் நறுக்கி, ஈரமண்ணை உதிர்த்துவிட்டு, எஞ்சிய வேருக்குச் சரியாகப் பொருந்தும் சிறு தொட்டியில், புதுக் கலவை மண்ணில் நட்டு, அளவோடு ஒருமுறை நீர் ஊற்றி, ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் பை ஒன்றைத் தளர்வாகக் கவிழ்த்து, நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் ஒரு வாரம் வைத்திருங்கள். பைக்குள் ஈரக்காற்று நிறைந்திருப்பதால் இலைகள் நீரை இழப்பது குறைந்து, புது வேர் விட அவகாசம் கிடைக்கும். அந்நாட்களில் உரம் கூடவே கூடாது.

சிறு தொட்டி என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அடிக்கடி மாற்றும் தொல்லை வேண்டாமென்று கருதி, நான்கு அங்குலக் கன்றைப் பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் நடுபவர்கள் உளர். வேர் எட்டாத அந்த மண்ணில் நீரை உறிஞ்சுவார் யாருமில்லை; அது வாரக்கணக்கில் சேறாகவே கிடந்து, மெல்ல மெல்ல வேரை நோக்கி அழுகலைக் கொண்டுவருகிறது. வேர் மண்ணைச் சுற்றிப் பிடித்துக்கொண்ட பிறகு, ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட இரண்டங்குலம் அகலம் கூடிய தொட்டிக்கு மாற்றுவதே சரியான முறை. கலவையும் நீரை வடியவிடுவதாக இருக்க வேண்டும்: தேங்காய்நார்த் தூள் அல்லது நாற்றுக்கலவை இரண்டு பங்கு, பெர்லைட் அல்லது பருமணல் ஒரு பங்கு என்ற விகிதம் போதும். கட்டியாக அழுத்தி விற்கப்படும் தேங்காய்நார்த் தூளில் உப்பு மிஞ்சியிருப்பது உண்டாதலால், அதை இரண்டு மூன்று தடவை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்துக. தொட்டியின் அடித்தட்டில் வடிந்து நிற்கும் நீரை அரைமணி நேரத்துக்குள் கொட்டிவிடுக.

முளைத்த சில நாட்களுக்குள்ளேயே, தண்டு மண்மட்டத்தில் நூல்போல் இளைத்து, ஈரக்கறை படிந்து, கன்று ஓரிரவில் சாய்ந்துவிட்டதானால் அது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா முதலிய மண்வாழ் நுண்ணுயிர்களால் வரும் இந்நோய்க்கு ஆளான கன்றுக்குப் பரிகாரம் இல்லை. அருகிலுள்ள கன்றுகளைக் காப்பதற்கு மேல்மண்ணைக் காயவிடுங்கள், மூடியிருந்தால் மூடியை அகற்றிக் காற்றோடச் செய்யுங்கள், நீரை மேலே ஊற்றாமல் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். நோய் கண்ட மண்ணை மறுபடியும் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்தது உஷ்ணம். அறையின் உஷ்ணமானி 21 டிகிரி செல்சியஸைக் காட்டுவதைக் கண்டு நிம்மதி கொள்பவர்கள், கண்ணாடியை ஒட்டி ஜன்னல் விளிம்பில் நிற்கும் தொட்டியின் மண் பனிக்கால இரவில் 12 அல்லது 13 டிகிரிக்கு இறங்கிவிடக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. மண் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இக்கன்றின் வளர்ச்சி ஏறக்குறைய ஸ்தம்பித்துவிடும். நீரும் உணவும் மண்ணில் இருந்தும் வேரால் அவற்றைச் சரிவரக் கொள்ள இயலாது. தளிர் சிறுத்து மஞ்சளித்து வரும். அதைப் பட்டினி என்று எண்ணி உரமிட்டால் உரம் மண்ணிலே தேங்கி உப்பாக மாறும். இரவில் தொட்டியை ஜன்னலிலிருந்து உள்ளே நகர்த்துவதும், குளிர்ந்த கல்லின்மேல் நேரே வைக்காமல் மரப்பலகை அல்லது தக்கையின்மேல் வைப்பதும், அறைக்குள் வைத்துப் பழகிய நீரையே ஊற்றுவதும் செலவில்லாத பரிகாரங்கள். நாற்றுக்கென்று விற்கப்படும் வெப்பப் பாய் வாங்க இயலுமானால், உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தும் கருவியோடு அதை 22 முதல் 25 டிகிரியில் வைத்துக்கொள்ளலாம். ரேடியேட்டரின் தலைமேல் தொட்டியை வைப்பது இதற்கு மாற்றாகாது. அது மண்ணை ஒருபுறம் சுட்டு, இலைகளைக் காற்றால் உலர்த்திவிடும்.

வெளிச்சத்தின் குறையை மனிதக் கண் எளிதில் உணர்வதில்லை. மங்கலான அறையிலும் கண் தன்னைப் பழக்கிக்கொண்டு அதைப் பிரகாசமான இடமென்றே கருதிவிடுகிறது. டிசம்பர் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் பகற்பொழுது 11 மணி நேரத்துக்கு மேல் இருக்க, டொரன்டோவில் அது ஏறக்குறைய 9 மணியாகவும், லண்டனில் 8 மணிக்கும் குறைவாகவும், ஆஸ்லோவில் ஏறக்குறைய 6 மணியாகவும் சுருங்கிவிடுகிறது. அதுவும் மேகம் மூடிய, சாய்ந்த, வலுவற்ற வெயில். ஜன்னலிலிருந்து ஓரிரண்டு அடி உள்ளே தள்ளினாலோ கிடைக்கும் ஒளி வெகுவாகக் குறைந்துபோகிறது. கணுவுக்கும் கணுவுக்கும் இடையே தண்டு அளவு மீறி நீண்டு, இலை சிறுத்து வெளிறி, கன்று கண்ணாடிப் பக்கம் வளைந்து நின்றால், காரணம் இதுவே. தெற்கு நோக்கிய ஜன்னலே இந்நாடுகளில் சிறந்தது. அது இல்லையெனில், ஒரு வெள்ளை எல்.ஈ.டி. விளக்கைக் கன்றின் நுனிக்கு மேலே ஒரு சாண் முதல் ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு, நாள்தோறும் 12 முதல் 14 மணி நேரம் எரியவிட்டு, இரவில் அணைத்துவிடுங்கள். முன்பே நீண்டுவிட்ட தண்டு குறுகாது. அதை மெல்லிய குச்சியில் தளர்வாகக் கட்டிவிட்டு, அடுத்த கணுக்கள் நெருங்கி வருகின்றனவா என்று பாருங்கள். நெருங்கி வந்தபின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் எழும்பும். கிள்ளிய தளிரைக் குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ வாயில் இடாதபடி அப்புறப்படுத்துக. இக்கொடியின் இலைகளில் சயனைடை வெளிப்படுத்தும் பொருள்கள் உண்டு.

நம் அபிப்பிராயம், விளக்கு வைக்க வசதியில்லாதவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கவே வேண்டாம் என்பதுதான். பழம் அப்பொழுது கிடைத்தாலும் விதையைக் கழுவி உலர்த்தி வைத்து, மாசிக் கடைசியில் விதைத்தால், முளைக்கும் விகிதம் சற்றுக் குறைந்தபோதிலும், முளைத்த கன்று நீளும் பகலோடு சேர்ந்து வளரும். பனிக்காலக் கன்றை அது வைகாசிக்குள் எட்டிப் பிடித்துவிடுவதும் உண்டு.

பற்றுக்கம்பி தோன்றிய கன்றுக்குப் பிடிப்பு வேண்டும். இக்குடும்பத்தைச் சேர்ந்த மெல்லிய கொடி ஒன்றின் பற்றுக்கம்பி, ஸ்பரிசம் பட்ட அரை நிமிஷத்துக்குள் வளையத் தொடங்குவதைச் சார்லஸ் டார்வின் ஏறுகொடிகளைப் பற்றிய தம் ஆராய்ச்சியில் கண்டு பதிந்திருக்கிறார். பற்ற ஒன்றும் கிடைக்காத கம்பிகள் சுருண்டு ஓய்ந்துபோக, கொடி தன் பாரத்தாலேயே மடிந்து, மடிந்த இடத்துக்கு மேலே நுனி தளர்வதுண்டு. இதை வியாதியென்று கொள்ளாமல் ஒரு கயிற்றைக் கட்டிவிடுங்கள். தடித்த கம்பைவிட மெல்லிய கயிறே இதற்கு உகந்தது.

வேரும் உஷ்ணமும் வெளிச்சமும் சரியென்று தெளிந்த பிறகுதான் இலையின் நிறத்தைப் படிக்கலாம். அடியிலைகள் முழுதும் சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. அடியிலைகளில் நரம்பு பசுமையாக நின்று இடைப்பகுதி மட்டும் வெளிறினால் மக்னீசியம் குறைவு. எப்சம் உப்புச் சிறிதளவு கரைத்து ஊற்றலாம். அதே தோற்றம் நுனித் தளிரில் கண்டால் அது இரும்புச்சத்து எட்டாமை; இங்கே மண்ணில் இரும்பு இல்லையென்பதைவிட, சுண்ணாம்பு மிகுந்த குழாய்நீர் மண்ணின் காரத்தன்மையை உயர்த்தி, இருக்கும் இரும்பையும் வேர் கொள்ளவிடாமல் தடுப்பதே பெரும்பாலும் காரணமாகும். லண்டனிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் குழாய்நீர் கடினமானது. மழைநீரைச் சேமித்து ஊற்றுவது உத்தமம். இயலாவிடில் குழாய்நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் வெண்படிவு தங்கத் தெளிந்த நீரை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் நீரை மென்மையாக்கும் கருவி இருந்தால் அதிலிருந்து வரும் நீரில் சோடியம் மிகுந்திருக்குமாதலின் அது ஆகாது. இலையின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகி, மண்ணின்மேல் வெள்ளைப் படலம் பூத்திருந்தால் உரம் மிகுந்துவிட்டதென்று அறிந்து, தொட்டியின் கொள்ளளவுக்கு மூன்று மடங்கு நீரை மெல்ல ஊற்றி வடியவிட்டு, ஒரு மாதம் உரத்தை நிறுத்துக. திரவ உரத்தை எப்பொழுதுமே புட்டியில் எழுதியுள்ள அளவில் கால்பங்காகக் கரைத்து, நான்கு மெய்யிலைகள் வந்த பிறகு, கன்று வளரும் காலத்தில் மட்டும், இரு வாரத்துக்கு ஒருமுறை இடுவது போதும்.

பூச்சிகளில் வீட்டுக்குள் பெருந்தொல்லை தருவது சிலந்திப்பேன். ஹீட்டரின் வறண்ட காற்றிலே அது பெருகும். இலையின் மேற்புறம் ஊசியால் குத்தியதுபோல் வெண்புள்ளிகள் நிறைந்து, அடிப்புறத்தில் மெல்லிய வலை படர்ந்திருக்கும். ஐயமிருந்தால் வெள்ளைக் காகிதத்தின்மேல் இலையைத் தட்டுங்கள், விழுந்த தூசி நகரத் தொடங்கினால் அதுவே பேன். இலைகளின் அடிப்புறத்தை ஓடும் நீரில் கழுவி, மாலையில், ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி திரவச் சோப்பும் கலந்து தெளிக்கலாம். முதலில் ஒரே இலையில் தெளித்துப் பார்த்து, மறுநாள் ஊறு இல்லையெனக் கண்ட பின்பே முழுக்கன்றுக்கும் தெளிக்கவும். முட்டைகள் சில நாட்களில் பொரிக்குமாகையால் நான்கைந்து நாளுக்கொருமுறை கழுவுவதை மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். மாவுப்பூச்சியைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். மண்ணிலிருந்து எழுந்து பறக்கும் சிறு கறுப்பு ஈக்கள் தாம் தீங்கற்றவை. அவற்றின் புழுக்கள் ஈரமண்ணில் வேர்த்தூவிகளை அரிப்பவை. மேல்மண் ஓரங்குலம் காயும்வரை நீரை நிறுத்துவதும், மஞ்சள் ஒட்டட்டையை அருகில் நட்டு வைப்பதும் அவற்றை அடக்கும்.

இவ்வளவும் செய்தும் தேறாத கன்றை விட்டுவிடலாம். ஆறேழு விதை ஊன்றினால் அவற்றுள் பிறவியிலேயே வலுக்குன்றியது ஒன்றிரண்டு இருப்பது இயற்கை. ஆனால் எல்லாவற்றையும் கழித்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். கருநீல வகை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். மஞ்சள் வகையோ மற்றொரு கொடியின் மகரந்தமின்றிக் காய்ப்பதில்லை. ஆகவே மஞ்சள் வகையில் குறைந்தது இரண்டு கன்றுகளையேனும் பேணுக.

தேறி வளர்ந்த கன்றை, உறைபனி முற்றும் நீங்கி, இரவின் உஷ்ணம் 12 டிகிரிக்குக் குறையாத காலம் வந்தபின் வெளியே கொண்டுபோகலாம். கண்ணாடிக்குப் பின்னே வளர்ந்த இலை வெளிவெயிலின் உக்கிரத்தை அறியாதாகையால், முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு காலை வெயிலில் சிறிது நேரம் என்று பத்து நாளில் படிப்படியாகப் பழக்குக. அவசரப்பட்டதால் இலைகளில் வெண்திட்டுகள் தோன்றினாலும் நுனி பசுமையாக இருந்தால் கவலை வேண்டாம்; நிழலுக்கு மாற்றி, அந்தத் திட்டுப் படிந்த இலைகளைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள், புதுத்தளிர் வரும்வரை கன்றுக்கு உணவு சமைப்பவை அவையே. புரட்டாசிப் பிற்பகுதியில் இரவு 10 டிகிரியை நெருங்கும்போது, இலைகளின் அடிப்புறத்தை மறுபடியும் கழுவிச் சோதித்துவிட்டு உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள்.